எந்தப் படிப்பு கடினம்?

மேனிலைத் தேர்வின் முடிவுகள் வெளியாகும் நாள்களில் நம் இல்லங்களில் ஒரு வினா தவறாமல் எழுகின்றது. கல்லூரிப் படிப்புகளுள் மிகக் கடினமானது எது? மருத்துவம் என்பார் சிலர். பொறியியல் என்பார் சிலர். கணிதமே என்று அடித்துக் கூறுவோரும் உளர். வரலாறு என்றோ தமிழ் இலக்கியம் என்றோ விடையிறுப்பவரைக் காண்பது அரிது. அத்துறைகளை விரும்பிக் கேட்கும் பிள்ளையிடம், “மதிப்பெண் குறைந்துவிட்டதா?” என்றுதான் உறவினர் இரக்கத்தோடு வினவுவர்.

இவ்வினாவுக்குள்ளே இரண்டு வினாக்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒரு படிப்பில் இடம் பெறுவது கடினமா என்பது ஒன்று. அதனைக் கற்பது கடினமா என்பது மற்றொன்று. 2024ஆம் ஆண்டில் நீட் தேர்வுக்குப் பதிவு செய்தோர் ஏறத்தாழ 24 இலட்சம் பேர். நாடு முழுவதும் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ ஓர் இலட்சத்தைச் சற்றே தாண்டியவை. இவ்வெண்கள் இடத்தின் அருமையைக் காட்டுகின்றனவேயன்றிப் பாடத்தின் ஆழத்தைக் காட்டவில்லை. வாசலில் நெரிசல் மிகுந்திருப்பதைக் கண்டு, உள்ளே படிக்கட்டும் செங்குத்தாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டலாமா?

மருத்துவக் கல்வி எளிதென்று சொல்ல வரவில்லை. நான்கரை ஆண்டுப் படிப்பு, அதன்பின் ஓராண்டுப் பயிற்சி. எலும்பும் நரம்பும் நோயும் மருந்தும் என நினைவில் நிறுத்த வேண்டியவை மலையாய்க் குவியும். எனினும் இது குறித்துப் பேச நம்மைவிடத் தகுதி வாய்ந்த ஒருவர் உண்டு. அவர் இப்னு சீனா (980–1037). அவருடைய ‘கானூன்’ ஐரோப்பியப் பல்கலைக் கழகங்களில் 17ஆம் நூற்றாண்டு வரை பாடமாக விளங்கியது. அத்தகைய மருத்துவ மேதை தம் வாழ்க்கைக் குறிப்பில், மருத்துவம் கடினமான கலைகளுள் ஒன்றன்று என்றும், ஆதலால் குறுகிய காலத்திலேயே அதில் தேர்ந்ததாகவும் கூறுகிறார். அவரைத் திணற வைத்தது அரிஸ்டாட்டிலின் மெய்ப்பொருளியல் நூல். நாற்பது முறை படித்தார், மனப்பாடமே ஆகிவிட்டது, பொருள் மட்டும் விளங்கவில்லை. பின்னர் ஒருநாள் புத்தகக் கடைத்தெருவில், விற்பவர் வற்புறுத்தியதால் மூன்று திர்ஹத்துக்கு ஒரு நூலை வாங்கினார். அது அல் பாராபி எழுதிய விளக்கமாக அமைந்தது. வீடு திரும்பிப் படித்தார், முடிச்சு அவிழ்ந்தது. மறுநாள் இறைவனுக்கு நன்றி செலுத்தி ஏழைகளுக்குத் தர்மம் வழங்கினார்.

அப்படியாயின் அந்தக் கடினம் எங்கே இருந்தது? பாடத்தில் பாதி, தக்க விளக்கம் கிட்டாமையில் பாதி. இயற்பியல் தனக்கு வராது என்று ஒதுங்கும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அந்த மூன்று திர்ஹ நூலைக் காணாதவர்களோ!

ஆளுக்கு ஆள் கடினம் மாறும் என்பதற்குக் கும்பகோணத்து இராமானுஜனே சான்று. கணிதம் அவருக்கு மூச்சு. ஆனால் மற்றப் பாடங்களைக் கவனியாமையால் கும்பகோணம் கல்லூரியில் பெற்ற உதவித்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. தேர்வில் தேறவில்லை. உடலியங்கியல் அவரை வாட்டியது. 1918இல் இலண்டன் ராயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

இனி, எளிதென்று பலரும் தள்ளும் வரலாற்றுக்கு வருவோம். கணக்கில் பிழை செய்தால் விடை பிழைபடும். பாலத்தில் பிழை செய்தால் பாலம் விரிசல் காணும். வரலாற்றில் பிழை செய்தவனையோ எதுவும் தடுத்து நிறுத்துவதில்லை. அப்பிழை நூலேறி, மேடையேறி, ஒருவரையொருவர் பகைக்கும் அளவுக்கு மக்கள் மனத்தில் வேரூன்றிவிடக் கூடும். 1377இல் ‘முகத்திமா’வை எழுதிய இப்னு கல்தூன் இதனை நன்குணர்ந்தவர். மூஸா நபி (அலை) அவர்களின் காலத்துப் பனூ இஸ்ராயீல் படையில் ஆறு இலட்சம் வீரர் இருந்தனர் என்று மஸ்ஊதி போன்றோர் எழுதியதை அவர் அப்படியே ஏற்கவில்லை. அத்துணைப் பெரும்படைக்கு உணவளிக்க நாட்டில் வளமுண்டா? அணிவகுத்து நின்றால் ஒரு முனையில் நிகழ்வதை மறுமுனை அறியுமா? யஃகூப் நபி (அலை) அவர்களுக்கும் மூஸா நபி (அலை) அவர்களுக்கும் இடைப்பட்ட சில தலைமுறைகளில் ஒரு குடும்பம் அவ்வளவு பெருகுமா? இவ்வாறு கேட்டுக் கேட்டு அவ்வெண்ணை மறுத்தார். மதிப்புக்குரிய முன்னோர் எழுதியதை மரியாதை குன்றாமல் ஐயுறுவதற்கு வேண்டிய மனத்திண்மையை எந்தத் தேர்வுத்தாளும் அளப்பதில்லை. வரலாற்றில் தேறுவது எளிதாய் இருக்கலாம். வரலாற்றைக் கற்பது எளிதன்று என்பேன்.

இது வெறும் விவாதமன்று. நம் குடும்பங்கள் பலவற்றில், “திருமணம் வரையில் ஏதேனும் எளிதாய்ப் படிக்கட்டும்” என்று பெண்மக்களைச் சேர்த்துவிடும் துறைகள் இவையே. வீட்டாரும் அதைப் பெரிதாய்க் கருதுவதில்லை. வகுப்பிலும் குறிப்புகளை எழுதச் சொல்லி ஒப்பிக்க வைத்து அனுப்பிவிடுகின்றனர். அவள் தேறியும் விடுகிறாள். அவளால் இயன்ற ஒரு பெரும் பணி அவளிடம் கேட்கப்படவே இல்லை. முதற்பருவம் முடிந்து மகள் வீடு வரும்போது, எத்தனை மதிப்பெண் என்று கேட்கும் தந்தை, பாடநூலில் எந்தச் செய்தியை நம்ப அவள் தயங்கினாள், ஏன் தயங்கினாள் என்றும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.