வாசிக்க மட்டும்

டார் என்ற பெயரே 'டேப் ஆர்க்கைவ்' என்பதன் சுருக்கம்தான். 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்த கருவி அது. காந்த நாடாவில் கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிவைக்கச் செய்யப்பட்டது. நாடா போய்விட்டது, வடிவம் போகவில்லை. இன்றைக்கும் ஒரு டார் கோப்புக்குள் அதே வரிசைதான். 512 பைட்டில் ஒரு தலைப்பு, பின்னாலேயே கோப்பு, மறுபடி ஒரு தலைப்பு, மறுபடி ஒரு கோப்பு. எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் பொருளடக்கம் கிடையாது. கேசட்டில் பாட்டு கேட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஐந்தாவது பாட்டு வேண்டுமென்றால் முதல் நான்கையும் ஓட்டித்தான் ஆகவேண்டும். அதை ஜிசிப் போட்டுச் சுருக்கியும் வைத்துவிட்டால் இன்னும் சிரமம். கடைசியில் கிடக்கும் ஒரு பக்கக் கடிதத்துக்காக முதலிலிருந்து எல்லாவற்றையும் விரிக்க வேண்டும்.

ஸ்குவாஷ்எஃப்எஸ் வேறு மாதிரி. பிலிப் லோகர் உருவாக்கியது, 2009இல் லினக்ஸ் கெர்னலின் 2.6.29 பதிப்பில் சேர்ந்தது. அதுவும் சுருக்கப்பட்ட ஒற்றைக் கோப்புதான். ஆனால் அதை மவுண்ட் செய்தால் ஒரு பென்டிரைவைச் செருகியதுபோலக் கோப்புறைகள் விரியும். வேண்டிய கோப்பை நேராகத் திறக்கலாம், அந்தத் துண்டு மட்டும் விரிந்து வரும். ஒரே உள்ளடக்கம் உள்ள இரண்டு கோப்புகள் இருந்தால் ஒருமுறைதான் இடம் பிடிக்கும். லினக்ஸ் லைவ் சிடி ஓட்டிப் பார்த்தவர்கள், உபுண்டுவில் ஸ்னாப் நிறுவியவர்கள் எல்லோரும் தெரியாமலே இதைப் பயன்படுத்தியிருப்பார்கள். ஒரே ஒரு நிபந்தனை: உள்ளே எதையும் எழுத முடியாது. வாசிக்க மட்டும்.

டாரிலிருந்து இதற்கு மாற்றுவது டெர்மினலில் ஒற்றை வரி வேலை. ஒரு பக்கம் ஜிசிப்பை விரிக்கும் கட்டளை, நடுவில் ஒரு பைப், மறுபக்கம் 'எஸ்கியூஎஃப்எஸ்டார்'. இடையில் எதையும் வட்டில் பிரித்துப் போட வேண்டியதில்லை. சில நிமிடத்தில் முடிந்துவிடும். நாமும் "ஃபார்மெட்டைத்தான் மாத்தினேன், உள்ள இருக்கிறத தொடல" என்று சொல்லிக்கொள்வோம்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது. அப்படிச் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறதா?

முதலில் பெயர்கள். ஒரு கோப்பு யாருடையது என்பதை டார் இரண்டு விதமாகக் குறித்துவைக்கும். ஒன்று எண், இன்னொன்று பயனரின் பெயர். ஸ்குவாஷ்எஃப்எஸ் எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளும். பெயருக்கு அதில் இடமே இல்லை. சாதாரண லினக்ஸ் கணினியில் முதலில் உருவாக்கப்படும் ஆளுக்கு எண் 1000, அடுத்தவருக்கு 1001. என் சித்தப்பாவின் மடிக்கணினியில் 1000 என்பது அவர், 1001 அவர் மகள். அவர் இறந்தபிறகு அவருடைய டார் கோப்புகளை மாற்றி என் கணினியில் மவுண்ட் செய்து பட்டியலிட்டேன். நாற்பது வருடமாக அவர் எழுதியவை அத்தனைக்கும் நேராக உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. என் கணினியில் 1000 நான்.

கருவியில் பிழை எதுவும் இல்லை. எல்லாம் ஆவணத்தில் சொல்லியிருக்கிறபடிதான் நடந்தது. இருந்தாலும் அந்தப் பட்டியலை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு மனிதரின் பெயர் எண்ணாகி, அந்த எண் வேறு ஊரில் வேறொருவரின் பெயராகிவிடுகிறது. சஞ்சிக்கூலிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, பதிவேட்டுக்காரர் எழுதிய எழுத்துப்பிழையே குடும்பப் பெயராகிவிட்ட வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, இது புதிய கதை இல்லை. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்குப் போகும்போது படிவத்தில் அந்தக் கட்டம் இல்லாமல் போகிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது விஷயம் இதைவிடச் சிக்கலானது. டார் வெறும் வரிசை என்பதால், ஒரே பெயரில் பல கோப்புகள் அதற்குள் இருக்கலாம். மாறிய கோப்பைக் கடைசியில் சேர்த்துக்கொண்டே போனால் பழையது அழியாது, முன்னால் அப்படியே கிடக்கும். விரிக்கும்போது ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டு, கடைசியாகச் சேர்த்தது மட்டும் மிஞ்சும். கோப்பு முறைமையில் இந்தச் சலுகை கிடையாது. ஒரு கோப்புறையில் ஒரு பெயருக்கு ஒரே கோப்புதான். ஆகவே மாற்றுகிற இடத்தில் யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். நாம் தேர்ந்தெடுக்காவிட்டால் கருவி தேர்ந்தெடுக்கும். அதுவும் நம் தேர்வுதான்.

சித்தப்பா சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஞாயிறு பதிப்புகளில் சிறுகதை எழுதுவார். பழைய மடிக்கணினி ஓடவேண்டும் என்பதற்காக நான்தான் அதில் லினக்ஸ் போட்டுக்கொடுத்தேன். வாரம் ஒருமுறை, மாறிய கோப்புகளை ஒரு டாரின் கடைசியில் சேர்க்கும் சின்ன ஸ்க்ரிப்டும் எழுதிக்கொடுத்தேன். அதனால் ஒரே கதை அதே பெயரில் ஏழு முறை அதற்குள் இருக்கிறது. தோட்டத்து லயத்தில் நடக்கும் கதை. முதல் வடிவத்தில் கள்ளுக்கடையிலிருந்து வரும் அப்பா அம்மாவை அடிக்கிறார், பிள்ளைகள் பார்க்கிறார்கள். ஏழாவது வடிவத்தில் அப்பா வாசற்படியில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். அம்மா உள்ளே விளக்கை அணைக்கிறாள். அடி இல்லை.

அந்த அப்பா என் தாத்தா.

என் அப்பா சொன்னார்: "கடைசியா என்ன எழுதினானோ அதுதான்டா அவன் சொன்னது. மத்தத தூக்கிப் போடு." சித்தப்பாவின் மகள் சொன்னாள்: "இல்லண்ணே. முதல்ல எழுதினதுதான் நடந்தது." இரண்டு பேரும் சொன்னது சரி. அதுதான் பிரச்சினை.

கடைசியாக எழுதியதே இறுதி என்பது நாம் யோசிக்காமல் ஏற்றுக்கொள்ளும் கருத்து. சட்டத்தில் உயிலுக்கு அது பொருந்தும், கடைசி உயில்தான் செல்லும். கதை உயில் இல்லை. நோயில் கிடந்த காலத்தில் ஒருவர் அண்ணனின் மனம் நோகக்கூடாது என்று ஒரு காட்சியை எடுத்திருக்கலாம். கலையாகவே அது மேம்பட்டிருக்கலாம். வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறார் என்பதும் உண்மை. எனக்குத் தெரிய வழியில்லை. தெரியாத இடத்தில் ஒன்றை மட்டும் வைத்துவிட்டு மற்றதை விடுவது, தெரிந்தவன்போல நடந்துகொள்வது.

"அப்படின்னா பழைய டாரையும் சேர்த்து வெச்சுக்கோ, ஹார்ட்டிஸ்க் என்ன விலை?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான், நான் வைத்திருக்கவும் செய்கிறேன். ஆனால் இருப்பதும் எட்டுவதும் ஒன்றல்ல. சுலபமாகத் திறக்கிற வடிவத்தைத்தான் நாளைக்கு அவருடைய பேரப்பிள்ளைகள் திறப்பார்கள். டாருக்குள் ஆறாவது பிரதி எங்கோ கிடக்கிறது என்று சொல்வதும், அது இல்லை என்று சொல்வதும் அவர்களைப் பொறுத்தவரை ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்த இடத்தில் நமக்குப் பழைய முன்னுதாரணம் ஒன்று இருக்கிறது. ஏட்டுச்சுவடியிலிருந்து அச்சுக்குப் போனதும் ஒரு வடிவ மாற்றம்தான். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது அவர் கையில் இருந்தவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாத ஏடுகள். அச்சிட்ட பக்கத்தில் ஒரு வரிக்கு ஒரு பாடம்தான் நிற்க முடியும். அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார், வேறுபடும் பாடங்களைப் பிரதிபேதம் என்று அடிக்குறிப்பில் கொடுத்தார். தன் தேர்வை மறைக்கவில்லை, தேர்வு செய்யாமல் நழுவவும் இல்லை. படிப்பவர் நினைத்தால் அவரோடு சண்டை போடலாம். அதற்கான ஆயுதத்தை அவரே அதே பக்கத்தில் வைத்திருந்தார்.

நான் செய்ததும் அதன் சின்ன நகல்தான். விரிக்கும்போது முந்தைய கோப்புகளை எண்ணிட்டு வைத்துக்கொள்ள டாரில் ஒரு தெரிவு உண்டு. ஏழையும் எடுத்தேன். கதையின் பெயரில் ஏழாவது, பக்கத்தில் 'பிரதிபேதம்' என்ற கோப்புறையில் மற்ற ஆறும் தேதியோடு. டாரின் முழுப் பட்டியலையும், பழைய பெயர்கள் அதே வரிசையில் தெரியும்படி, ஓர் உரைக்கோப்பாக உள்ளே போட்டேன். அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளாதது அவருடைய உரிமை.

மூன்றாவது, அழிப்பது. சித்தப்பாவுக்கு ஒரு தோழி எழுதிய கடிதங்கள் இருந்தன. தப்பாக எதுவும் இல்லை, அந்தரங்கமானவை. சித்தி எடுத்துவிடச் சொன்னார். இதற்குத் தொழில்நுட்பம் ஒரு சொகுசான வழி தரும். ஓவர்லே என்பது 2014இல் லினக்ஸ் 3.18இல் சேர்ந்த வசதி. வாசிக்க மட்டுமான அடுக்கின்மேல் எழுதக்கூடிய இன்னோர் அடுக்கைப் போடலாம். மேலே ஒரு கோப்பை அழித்தால், 'இது இல்லை' என்று ஒரு மறைப்புக் குறி மட்டும் மேலடுக்கில் விழும். கீழே கோப்பு பத்திரமாக இருக்கும். பார்ப்பவருக்கு அழிந்ததுபோலத் தெரியும். சித்தியும் சமாதானமாகிவிடுவார், நானும் எதையும் இழக்கமாட்டேன்.

அது பொய். மறைத்ததை அழித்தேன் என்று சொல்வது, மறைக்காமல் விடுவதைவிட மோசமானது. கேட்டவரின் நம்பிக்கையையும் சேர்த்து அது எடுத்துக்கொள்கிறது.

அதோடு இந்தக் கடிதங்களை வைத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை என்ற கேள்வியும் இருக்கிறது. ஒருவர் பெற்ற கடிதம் அவருடைய பொருள், ஆனால் அதற்குள் பேசும் குரல் இன்னொருவருடையது. அந்த அம்மா உயிரோடு இருக்கிறார். சித்தியின் சம்மதத்தோடு அவரிடமே போன் போட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "படிச்சீங்களாப்பா?" என்றார். ரெண்டு மூணு பார்த்தேன் என்றேன். "போதும். எடுத்துடுங்க," என்றார். எடுத்தேன். புதிய கோப்பிலிருந்து மட்டுமல்ல, என்னிடமிருந்த டாரின் பிரதிகளிலிருந்தும்.

இங்கே 'வாசிக்க மட்டும்' என்பதை நான் வேறு விதமாகப் பார்க்க ஆரம்பித்தேன். இதை இறந்தவருக்குச் செய்யும் மரியாதை என்று பலர் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். உண்மையில் ஸ்குவாஷ்எஃப்எஸ் எந்த உண்மைக்கும் உத்தரவாதம் தருவதில்லை. யார் வேண்டுமானாலும் அதை விரித்து, ஒரு வரியை மாற்றி, மறுபடி கட்டி, அதே பெயரில் வைக்கலாம். முத்திரையிட்டதால் உள்ளே இருப்பது மெய்யாகிவிடாது. அது தடுப்பது கைமறதியை மட்டும்தான். போகிற போக்கில் ஒரு வரியைத் திருத்துவது, தூக்கக் கலக்கத்தில் ஒரு கோப்புறையை நீக்குவது நடக்காது. ஒன்றை மாற்றவேண்டுமென்றால் முழுவதையும் புதிதாகக் கட்டவேண்டும். உட்கார்ந்து, யோசித்து, செய்கிறோம் என்று தெரிந்து செய்யவேண்டும். மறப்பதற்கும் ஓர் உழைப்பு வேண்டியிருக்கிறது. அது நல்லது என்றே நினைக்கிறேன். குடும்ப வரலாறுகள் பெரும்பாலும் யாரோ திட்டமிட்டு அழித்ததால் காணாமல் போவதில்லை. ஆளுக்கொரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்ததால் காணாமல் போகின்றன. யாரைக் கேட்டாலும் நான் இல்லை என்பார்கள்.

அதனால் பாதுகாப்பவரின் கடமை எதையும் மாற்றாமல் இருப்பது என்று இப்போது எனக்குத் தோன்றவில்லை. மாற்றாமல் இருக்க முடியாது. வடிவம் மாறினாலே பெயர் போகும், வரிசை போகும், ஒன்றுக்கு மேற்பட்டது ஒன்றாகும். என்ன மாறியது, யார் மாற்றினார்கள் என்பதை மாறியதற்குப் பக்கத்திலேயே எழுதிவைப்பதுதான் கடமை.

புறநானூற்றில் 400 பாட்டு என்று சொல்கிறோம். 266ஐப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினால் அடுத்து 269 வரும். 267, 268 கிடைக்கவில்லை. எண்ணை இழுத்துச் சேர்த்து 398 என்று அழகாக முடித்திருக்கலாம். யாரும் அப்படிச் செய்யவில்லை. அந்த இரண்டு பாட்டில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது, இரண்டு பாட்டு இருந்தது என்று தெரியும்.

சித்தப்பாவின் கோப்பில் கடிதங்கள் இருந்த கோப்புறை இப்போதும் இருக்கிறது. உள்ளே ஒரே ஓர் உரைக்கோப்பு. "இங்கே சில கடிதங்கள் இருந்தன. எழுதியவரின் விருப்பப்படி நீக்கப்பட்டன." கீழே தேதி, என் பெயர். எண் இல்லை, பெயர்.