சைனாக்காரர் வீட்டுச் சோறு

சிவகாசிக்குப் பக்கத்தில் எங்கள் விஸ்வநத்தம் டீக்கடைகளில் 'சைனா பட்டாசு' என்பது கிட்டத்தட்ட ஒரு வசவு. கன்டெய்னரில் வேறு சரக்கு என்று எழுதி வந்து இறங்கி, தீபாவளி விலையை உடைக்கிற பட்டாசு. அதில் குளோரேட் போடுகிறார்கள் என்பது இன்னொரு கோபம்; கந்தகத்தோடு குளோரேட் கலந்த மருந்துக்கு நம் நாட்டில் 1992-லேயே தடை போட்டாயிற்று. இந்தப் பேச்சையெல்லாம் காதில் வைத்துக்கொண்டுதான் பட்டாசுக் குழாய் சுற்றும் மெஷின் பார்க்க லியுயாங் போனேன். சீனாவின் ஹுனான் மாகாணத்தில் இருக்கும் அந்த ஊர்தான் உலகத்துக்கே சிவகாசி.

பேரம் படிவதற்கு முன்பே மெஷின்காரர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். எனக்கு இது ஆகாது. உப்பைத் தின்றுவிட்டு விலையைக் குறை என்று எப்படிக் கேட்பது?

லியுயாங்கில் ஆவியில் வேகவைக்கும் சமையலுக்குப் பெயர். பூசணிக்காய், முட்டை, புகையில் உலர்த்திய பன்றிக்கறி எல்லாம் தனித்தனிக் கிண்ணத்தில், நம் இட்லிக்கொப்பரைத் தட்டுகளைப் போல அடுக்கி, ஒரே ஆவியில் வேகும். மேலே புளிக்கவைத்த கறுப்பு சோயாவும் மிளகாயும். காரம் விருதுநகர் வத்தலுக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை. (அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் தாண்டி வந்த மிளகாயை அவர்களும் நாமும் பாட்டன் சொத்தாகப் பேசுகிறோம்.) பன்றிக்கறி எங்கள் வீட்டில் ஏறாது, அங்கே இரண்டு துண்டு சாப்பிட்டேன். நம்மூரில் இலையை மடித்தால் விட்டுவிடுவார்கள். இங்கே கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டால் இன்னும் வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மெஷின்காரரின் அம்மா வைத்துக்கொண்டே இருந்தார்.

நான் எந்த ஊர், என்ன தொழில் என்று அந்த அம்மா மகனிடம் கேட்டார். அவர் சொன்னதும் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, வெறுங்கையால் காற்றில் சரம் பின்னிக் காட்டினார். பெருவிரல் அழுத்த, ஆள்காட்டி விரல் திரியை மடக்க, நடுவிரல் நூலை இழுக்க, அப்படியே எங்கள் ஊர்ப் பெண்கள் பின்னுகிற வேகம். பிறகு ஒரு கேள்வி: உங்கள் ஊரில் சரத்துக்கு என்ன கூலி? சொன்னேன். உதட்டைப் பிதுக்கினார். அந்தக் காலத்தில் தனக்கும் கட்டுபடியாகவில்லை என்றாராம்.

சாப்பாடு போட்டவரோடு போட்டி போடலாமா? போடலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனார்கள். அங்கே யார் சோற்றையோ சாப்பிட்டுத்தான் கற்றிருப்பார்கள். திரும்பி வந்து ஆரம்பித்த தொழில்தான் சிவகாசியை வளர்த்தது. அதை நன்றிகெட்டதனம் என்று சொல்ல முடியுமா? சோறு தொழில் தகராறைத் தீர்க்காது, தீர்க்கவும் வேண்டாம். ஆனால் யாரோடு தகராறு என்பதைக் கொஞ்சம் சரியாகப் பார்க்கச் சொல்கிறது. கூலி போதாது என்று உதட்டைப் பிதுக்கிய கிழவியோடு எனக்கென்ன பகை?

மறுநாள் பேரத்தில் நாக்கு நன்றாகவே எழுந்தது. அவரும் லேசில் இறங்கவில்லை.

கள்ளச் சரக்கைத் தடுக்கச் சொல்லும் மனுவில் இன்றைக்கும் கையெழுத்துப் போடுகிறவன்தான் நான். டீக்கடையில் யாராவது "சைனாக்காரனே இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் மட்டும், எந்தச் சைனாக்காரன் என்று கேட்கிறேன். அங்கே கன்டெய்னர் ஏற்றுகிறவனா, இல்லை துறைமுகத்தில் அதை இறக்கி, நம் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்து விற்கிற நம்ம ஆளா?