நாலு பிள்ளைகளும் ஒரு டபுள் ரூமும்

‘எத்தனை பேர்?’ என்று லாட்ஜ் வரவேற்பில் கேட்டதும், நாலு பிள்ளை பெற்றவர்களின் குரல் ஏனோ இறங்கிவிடுகிறது. அறை என்றால் பெரியவர் இருவர், குழந்தை ஒன்று. மிஞ்சினால் தரையில் ஓர் எக்ஸ்ட்ரா பெட். பல விடுதிகளின் கணக்கு இவ்வளவுதான். இரண்டு அறை எடுத்தால் செலவும் இரட்டிப்பு, குடும்பமும் இரண்டாகப் பிரிந்து படுக்க வேண்டும்.

பழைய சத்திரங்களைக் கட்டியவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். தஞ்சை மராட்டியர் காலத்தில் ராமேஸ்வரம் போகும் வழியெங்கும் சத்திரங்கள் இருந்தன. இரண்டாம் சரபோஜி எழுப்பிய ஒரத்தநாடு முத்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. குடும்பம் குடும்பமாகத்தான் ஜனங்கள் வருவார்கள் என்று எண்ணி எழுப்பிய கட்டடங்கள் அவை. (சாப்பாடும் இலவசம், அதை இன்று யாரும் எதிர்பார்க்கவில்லை!)

ரயிலிலாவது பிள்ளைகளுக்கான விதி தெளிவு. 5 வயதுக்குள் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். 5 முதல் 12 வரை, தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். விடுதிகளிலோ ஒரு தெருவில் குழந்தையாக இருப்பவன் அடுத்த தெருவில் பெரியவனாகிவிடுகிறான். அதனால் புறப்படும் முன்பே போனில் பிள்ளைகளின் வயதையும் சேர்த்துச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். தலையைக் குறைத்துச் சொல்லிவிட்டு, நள்ளிரவில் தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பேரம் பேசுவது வேண்டாத வேலை.

விடுதி முதலாளிகளே, மாடிக்கு ஒன்றாவது நாலு கட்டில் அறை வையுங்கள். அதன் வாடகையையும் பலகையில் எழுதிப் போடுங்கள்.