வெடிக்காத துப்பாக்கி

மேடையில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி ஒன்றை வைத்தால் அது எப்போதாவது வெடித்தாக வேண்டும் என்ற செகாவின் விதி நம் விமர்சகர்களிடையே புழங்கித் தேய்ந்துபோன ஒன்று. படைப்பில் வேண்டாதது எதுவும் இருக்கலாகாது என்பதற்கு அவர் சொன்ன உதாரணம் அது. ஆனால் அவருடைய கடைசி நாடகமான ‘செர்ரித் தோட்ட’த்தில் (1904) இரண்டு துப்பாக்கிகள் வருகின்றன, இரண்டுமே வெடிப்பதில்லை. இரண்டாம் அங்கத்தில் சார்லோட்டா தோளிலிருந்து துப்பாக்கியை இறக்கி அதன் வாரைச் சரிசெய்துகொண்டிருக்கிறாள். குமாஸ்தா எபிஹோதவ், வாழ்வதா தன்னைச் சுட்டுக்கொள்வதா என்று நிச்சயிக்க முடியாதவன். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ரிவால்வரை எப்போதும் கூடவே வைத்திருக்கிறான். எடுத்துக் காட்டுகிறான். பிறகு நாடகம் தன்பாட்டுக்குப் போய் முடிகிறது.

விதி செய்தவரே விதியை மீறியதில் ஒரு யதார்த்தம் இருக்கிறது. உலகத்தில் தனிமனிதர்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை ஒரு மனிதனையும் சுடாமலே துருப்பிடிக்கின்றன. வெடித்த துப்பாக்கிக்குக் கோர்ட்டும் சரித்திரமும் இருக்கின்றன. வெடிக்காததைப் பற்றிப் பேச யாரும் இல்லை. காலையில் அதைத் தயார்செய்து, சட்டைக்குள் மறைத்து, இரவில் காலிசெய்து பூட்டி வைக்கிற மனிதன் சட்டத்தை மீறியவன் அல்ல. யாரையும் துன்புறுத்தியவனும் அல்ல. அவனிடம் கேட்க ஒரு தார்மீகக் கேள்வி இருக்கிறதா? இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில், இந்தத் தினசரி வழக்கத்தின் அடியில் இருக்கும் முரண்பாடு. ஆயுதம் பத்திரமாக இருக்க வேண்டுமானால் அது காலியாக, பூட்டப்பட்டு, தோட்டாக்கள் வேறிடத்தில் இருக்க வேண்டும். ஆயுதம் பயன்பட வேண்டுமானால் அது நிரப்பப்பட்டு, கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே கணத்தில் சாத்தியமில்லை. வாஷிங்டன் நகரத்தின் பழைய சட்டம் ஒன்று, வீட்டில் இருக்கும் துப்பாக்கியைத் தோட்டா எடுத்துக் கழற்றி வைக்க வேண்டும், அல்லது விசைக்குப் பூட்டுப் போட வேண்டும் என்று சொன்னது. 2008-ல் ஹெல்லர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைத் தள்ளுபடி செய்தது. அப்படிப் பூட்டிவைத்த துப்பாக்கியால் தற்காப்பு நடவாது என்பது நீதிபதிகளின் தர்க்கம். தர்க்கம் சரிதான். அதே நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள் என்பதும் சரிதான். கைக்கு எட்டும் தூரம் என்பது திருடனுக்காக மட்டும் அளக்கப்படுவதில்லை. எபிஹோதவை செகாவ் எங்கிருந்தோ கற்பனை செய்துவிடவில்லை.

நம் சட்டம் மறுபக்கம் சாய்கிறது. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கி உரிமை அல்ல, அனுமதி. 2016-ம் வருஷத்து விதிகள் இன்னொன்றும் சொல்கின்றன: பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டுபோகிறவர் அதை உறையிலிட்டு, முழுக்க மறைத்து, தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். மற்றவர்கள் கலவரப்படக் கூடாது என்பது நோக்கமாக இருக்கலாம். ஆனால் இதன் அர்த்தம், உன் பயத்தை ஊருக்குக் காட்டாதே, நீயே சுமந்துகொள் என்பதுதான்.

நான் வேலை பார்க்கிற கிளையில் ஒரு காவலாளி இருக்கிறார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். இரட்டைக் குழல் துப்பாக்கி. காலையில் பீரோவிலிருந்து எடுத்து, நடுவில் மடக்கித் திறந்து, இரண்டு குழல்களையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு தோட்டா செருகுவார். மாலையில் தோட்டாக்களை எடுத்து எண்ணி நோட்டில் எழுதி, மறுபடியும் குழலுக்குள் பார்த்து, விரலை விட்டும் பார்ப்பார். “காலியாத்தானே இருக்கு அண்ணே, எதுக்கு ரெண்டு தடவ?” என்று ஒருநாள் கேட்டேன். “காலியா இருக்குன்னு தெரியும் சார். தெரிஞ்சதுனாலதான் பாக்குறது” என்றார்.

இந்த வாக்கியத்தை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். துப்பாக்கி விபத்துகளில் பெரும்பாலும் அடிபடுவது ‘காலி’ என்ற நிச்சயம்தான். துடைக்கும்போது, நண்பனிடம் காட்டும்போது, குழந்தை எடுக்கும்போது. அப்போது நம் பத்திரிகைகள் ‘துப்பாக்கி எதிர்பாராமல் வெடித்தது’ என்று எழுதுகின்றன. தமிழ் வினைச்சொல்லின் சௌகரியம் இது. ‘சுட்டான்’ என்றால் எழுவாய் மனிதன். ‘வெடித்தது’ என்றால் எழுவாய் இரும்பு. மனிதன் வாக்கியத்தை விட்டே வெளியேறிவிடுகிறான். காவலாளி விரலை விட்டுப் பார்க்கும்போது அந்த வாக்கியத்துக்குள் தன்னை மறுபடி எழுவாயாக வைத்துக்கொள்கிறார். தினசரிச் சடங்குக்கு ஒரு அற அர்த்தம் உண்டென்றால் அது இதுதான்: என் நிச்சயத்தை நான் நம்பவில்லை என்ற ஒப்புதல்.

வங்கிக்காரனுக்கு இது புரியாத விஷயமல்ல. எங்கள் பெட்டக அறைக்கு இரண்டு சாவி, இரண்டு கை. ஒருவர் மட்டும் திறக்க முடியாது. யாரையும் திருடன் என்று சொல்லாமலே எல்லோரையும் சந்தேகிக்கிற ஏற்பாடு அது; அதில் யாருக்கும் அவமானமில்லை. துப்பாக்கியில் இரண்டாவது சாவி கிடையாது. காலையில் நிரப்புகிறவனும் அவனே, மாலையில் சோதிக்கிறவனும் அவனே. ஆகவே அவன் தன்னை இரண்டாகப் பிளந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மாலை மனிதன் காலை மனிதனைத் தணிக்கை செய்ய வேண்டும். பழக்கம் முற்றும்போது இந்தப் பிளவு மூடிக்கொண்டுவிடும். கை தானாகச் செய்யும். பிரக்ஞை வேறெங்கோ இருக்கும். தினமும் செய்வதால் கவனம் கூடுகிறது என்பது ஒரு பாதி உண்மைதான்.

காவலாளியின் துப்பாக்கி எல்லோர் கண்ணுக்கும் தெரிவது. அது சொல்லிவிட்ட வார்த்தை. மறைந்திருக்கும் ரிவால்வர் சொல்லாமல் வைத்துக்கொண்ட வார்த்தை. போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரி, எங்கள் பழைய வாடிக்கையாளர், வருஷக்கணக்காக லைசென்ஸ் வைத்திருப்பவர். எஸ்டேட் கூலிப் பணத்தை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போடிமெட்டுக் கொண்டையூசி வளைவுகளில் ஏறிய நாட்களில் வாங்கியது. காலையில் குளித்துச் சாமி கும்பிட்டதும் ஆறு அறைகளிலும் தோட்டா போட்டு இடுப்பில் சொருகுவார்; இரவில் ரிவால்வர் ஒரு பீரோவில், தோட்டாக்கள் இன்னொன்றில். அவர் எதிரே உட்கார்ந்து டீ குடிப்பவனுக்கு இது தெரியாது. அவன் ஒரு மனிதரோடு பேசிக்கொண்டிருப்பதாக நினைக்கிறான். மேஜைக்கு அந்தப்பக்கம் ஒரு மனிதரும், இன்னும் எடுக்கப்படாத ஒரு முடிவும் உட்கார்ந்திருக்கின்றன. ராமாவரம் தோட்டத்தில் 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். வரவேற்றது ஒரு விருந்தாளியை. எம்.ஆர். ராதாவிடம் இருந்தது என்ன என்பது வெடித்த பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது. எல்லா மறைவு ஆயுதமும் அப்படி முடிவதில்லை. ஆனால் எல்லா மறைவு ஆயுதமும் எதிராளியின் சம்மதமில்லாமல் உறவின் நிபந்தனையை மாற்றிவிடுகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்துக்கு பிரௌனிங் கைத்துப்பாக்கியோடு போன வாஞ்சிநாதனுக்கு வழக்கம் தேவைப்படவில்லை, தேதி தேவைப்பட்டது. ஆஷ் துரைக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று கணக்கு முடிந்தது. அவன் செயலை ஏற்கலாம், மறுக்கலாம். அது ஒரு முழு நிர்ணயம், விலையும் உடனே செலுத்தப்பட்டது. தேதியில்லாமல் முப்பது வருஷம் சுமக்கிறவனின் நிலை இதைவிடச் சிக்கலானது. தேவைப்பட்டால் இன்று ஒருவனைக் கொல்வேன் என்று அவன் தினமும் காலையில் சம்மதிக்கிறான். சட்டைப் பொத்தான் போடுவதுபோல் சம்மதிப்பதால் சம்மதித்ததே அவனுக்குத் தெரிவதில்லை.

எதற்காக என்ற கேள்விக்கு ஒரு காலத்தில் அந்த வியாபாரியிடம் பதில் இருந்தது. இப்போது அவருடைய வரவு செலவில் பெரும்பகுதி என் கணினித் திரையில் ஓடுகிறது. ஏலத் தொகை கணக்கில் ஏறுகிறது, அங்கிருந்தே பட்டுவாடாவும் ஆகிறது. மலையேறும் பணம் மிகவும் குறைந்துவிட்டது; ரிவால்வர் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. காரணம் செத்த பிறகும் சடங்கு பிழைத்திருப்பதை மதங்களில் பார்த்துச் சிரிக்கிற நாம் இதற்குத் தற்காப்பு என்று பெயர் கொடுக்கிறோம்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024 மக்களவைத் தேர்தலின்போது, மார்ச் நடுவில் அறிவிப்பு வந்ததிலிருந்து ஜூன் 4 வாக்கு எண்ணிக்கை வரை, ஏறக்குறைய எண்பது நாள் நடத்தை விதிகள் அமலில் இருந்தன. அந்தச் சமயத்தில் அவர் சொன்னார்: “இடுப்பு லேசாயிருச்சு தம்பி. ஆனா நடை மாறிப்போச்சு.” வேறெதுவும் நடக்கவில்லை என்பதையும் அவரே சொன்னார். தேர்தல் முடிந்ததும் போய் வாங்கி வந்துவிட்டார்.

பறிபோவதும் துறப்பதும் ஒன்றல்ல. 1918-ல் கேடாவில் படைக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த காந்தி, பிரிட்டிஷ் ஆட்சியின் கெடுதல்களில் மிகக் கறுத்தது 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டம்தான் என்றார். அகிம்சைக்காரர் இப்படிச் சொன்னது பலரைக் குழப்பியிருக்கிறது. கையில் இல்லாதவன் எதையும் கீழே வைக்க முடியாது என்ற எளிய விஷயம்தான் அது. எண்பது நாள் ஒப்படைப்பு அரசு எடுத்துக்கொண்டதே ஒழிய அவர் வைத்ததல்ல. அதனால்தான் அந்த லேசான இடுப்பு அவருக்கு எதையும் கற்பிக்கவில்லை.

நம் ஊர் எல்லைகளில் கருப்பசாமி கோயில் அரிவாள்கள் மண்ணில் ஊன்றி நிற்கின்றன, முனையில் எலுமிச்சம்பழம் குத்தி. அதை ஆதிமனத்தின் வன்முறை என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆயுதத்தை எல்லோரும் பார்க்கிற இடத்தில், தனக்குச் சொந்தமில்லாத ஒரு கையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிற ஏற்பாடு அது. பயம் அங்கே ஊருக்குப் பொது. ரிவால்வர் வைத்திருப்பவனின் பயம் அவன் ஒருவனுக்கே சொந்தம், தோட்டா எண்ணிக்கை உட்பட.

ஆயுதம் வைத்திருப்பதே பாவம் என்பதல்ல நான் சொல்வது. தனியாக மலைக்காட்டில் இருக்கிறவனுக்கு உபதேசம் செய்ய கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு அருகதை இல்லை. நான் சொல்வது, எடுத்து வைக்கும் வேளைதான் அறத்தின் வேளை என்பது. தோட்டாக்களை வெளியே எடுத்துக் காலி அறைகளைப் பார்க்கிற அந்த அரை நிமிஷத்தில், நாளைக்கு இதை மறுபடி நிரப்ப வேண்டுமா என்ற கேள்வி உயிரோடிருந்தால் அந்த வழக்கம் மனிதனுடையது. கேள்வி செத்துவிட்டால் அது இரும்பினுடையது. லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது அரசாங்கம் இதை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கேட்கிறது, அதுவும் ஒரு படிவத்தில். மீதி நாட்களில் கேட்க அவனைத் தவிர ஆள் கிடையாது.