கறி பத்தல

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறி அரைக்கிலோ. சாப்பிட ஏழு பேர். அதனால்தான் குழம்பில் உருளைக்கிழங்கு. ஆட்டுக்கறியை மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு போட்டு ஐந்து விசில் விட்டு, வறுத்தரைத்த மசாலாவோடு கொதிக்கும்போதுதான் கிழங்கைப் பாதியாக வெட்டிப் போடுவாள் அம்மா. முன்பே போட்டால் கரைந்து கூழாகிவிடும். 'பாரம்பரியச் சமையல்' என்று இன்று உணவகப் பலகைகளில் எழுதுகிறார்கள். அந்தக் கிழங்கோ ஆண்டீஸ் மலையில் பிறந்தது. நீலகிரியில் வெள்ளையர் 19ஆம் நூற்றாண்டில் பயிரிடத் தொடங்கியது. கிழங்கு புதிது, பங்கு வைக்கும் முறைதான் பழையது. நல்லி எலும்பு தாத்தாவுக்கு. ஈரல் தம்பிக்கு, ரத்தம் ஊறுமாம். தொடைக்கறி அப்பாவுக்கு. எனக்கு இரண்டு துண்டு. எல்லோரும் எழுந்தபிறகு அம்மா சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டி, மிஞ்சிய கிழங்கோடு சாப்பிடுவாள். "எனக்குக் கிழங்குதான் பிடிக்கும். கறியோட சாறெல்லாம் அதுலதான இறங்கியிருக்கு."

வகுப்பில் குறுந்தொகை 167ஆம் பாட்டை நடத்தும்போதெல்லாம் அந்தச் சட்டி நினைவுக்கு வரும். புதுமனைவி தயிர் பிசைந்த விரலை உடுத்த துணியிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகையில் நின்று சமைக்கிறாள். கணவன் நன்றாயிருக்கிறது என்று உண்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. மாணவர்கள் முகமும் மலரும். அவள் சாப்பிட்டாளா என்று பாட்டில் இல்லை. இத்தனை வருடத்தில் ஒரே ஒரு மாணவிதான் அதைக் கேட்டாள்.

குடும்பத்துக்குள் தனக்கென்று தனியாக ஒரு நலன் இருப்பதைப் பெண்கள் பல நேரம் உணர்வதேயில்லை, அந்த உணராமையே பாகுபாட்டைத் தாங்கிப் பிடிக்கிறது என்று அமர்த்தியா சென் 1990இல் வெளியான கட்டுரை ஒன்றில் சொல்கிறார். அதைப் படித்ததும் அம்மாவைப் புரிந்துகொண்டேன் என்று நினைத்தேன். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. "பிடிக்கும்" என்று அவள் சொல்வதை நம்பாவிட்டால், அவள் சொல்லுக்கு இருக்கும் மதிப்பை நானும் பறிக்கிறேன். நம்பினால், அந்த அரைக்கிலோவின் கணக்கு நியாயமாகிவிடுகிறது.

நான் இரண்டையும் விட்டு, அம்மாவின் கிழங்கைத் தியாகம் என்று கவிதை எழுதினேன். கைதட்டல் கிடைத்தது. (கவிஞர்களை அம்மாக்கள் ஒருநாளும் கைவிடுவதில்லை.) வீட்டுக்கு வந்து வாசித்துக் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"எவ தியாகம் பண்ணா? கறி பத்தலடி."

தியாகம் என்றால், மாட்டேன் என்று சொல்லவும் அவளுக்கு இடம் இருந்திருக்க வேண்டும். பற்றாக்குறைக்கு அந்தப் பெயரைச் சூட்டி, நன்றாகத் தின்றவர்களை விடுவித்திருந்தது என் கவிதை. தின்றவர்களில் நானும் உண்டு. கரண்டி அம்மா கையில்தானே இருந்தது என்று கேட்கலாம். இருந்தது. எது யாருக்கு என்பது அவள் அந்த வீட்டுக்கு வாழ வருமுன்பே முடிவாகியிருந்தது.

சென்ற ஆண்டு எங்கள் இருவருக்கு மட்டும் ஒரு கிலோ வாங்கி, கிழங்கே போடாமல் குழம்பு வைத்தேன். அம்மாவுக்குக் கடைவாய்ப் பற்கள் போய்விட்டன. ஒரு துண்டை வெகுநேரம் மென்றாள்.

"கிழங்கு போடலியா?"

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. நல்லி எலும்பைத் தட்டி அவள் தட்டில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாயில் வைத்து உறிஞ்சினாள். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இதுக்குத்தானா உங்க தாத்தா அந்தப் பாடு படுத்துனாரு?" என்றவள், சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "இன்னொண்ணு கெடக்கா?"