மனம் திரும்புதலும் திருப்பப்படுதலும்: கிறித்தவ அறநெறியில் மன்றாட்டும் மனவுறுதியும்

ஒருவர் தம் பழைய வாழ்வை விட்டு விலகுவதைத் தமிழ்க் கிறித்தவ வழக்கு ‘மனந்திரும்புதல்’ என்று குறிக்கிறது. சீர்திருத்தச் சபையாரின் மொழிபெயர்ப்பில் நிலைபெற்ற சொல் இது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் ‘மனம் மாறுதல்’ என்னும். இரண்டும் தன்வினைச் சொற்கள். மனத்தைத் திருப்பு, மனத்தை மாற்று என்னும் பிறவினை வடிவங்கள் இவ்விடத்தில் ஆளப்பெறவில்லை. ஆயினும் விவிலியத்தில் இச்சொற்கள் பெரிதும் ஏவலாகவே வருகின்றன. திரும்ப வேண்டுவது மனம். ஏவப்படுபவனோ மனத்தையுடைய மனிதன். சினையின் வினை முதலின்மேல் ஏறி நிற்பது தமிழிலக்கணத்திற்குப் புதிதன்று. கண் சிவந்தான் என்கிறோம். ஆனால் ஒருவனை நோக்கிக் ‘கண் சிவப்பாயாக’ என்று கட்டளையிடுவார் இலர். தானாக நிகழ வேண்டிய ஒன்றைச் செய் என்று ஏவுவது எங்ஙனம் என்னும் வினா அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது.

பழைய ஏற்பாட்டின் புலம்பல் நூல் தன் இறுதி அதிகாரத்தில் இச்சிக்கலை வேறு வகையில் அணுகுகிறது. அங்கே திருப்புபவர் இறைவன்; அதன் பின்னர்த் திரும்புபவர் மக்கள். ஏவல் மன்றாட்டாக மாறிவிடுகிறது. மனிதனுக்கு இடப்பட்ட கட்டளையை மனிதன் இறைவனிடமே வேண்டுகோளாகத் திருப்பி வைக்கிறான். தன்னை மாற்றிக்கொள்ள விரும்புபவன் தன் உறுதியை நம்புதல் வேண்டுமா, மன்றாட்டை நம்புதல் வேண்டுமா என்னும் நெடுங்கால வழக்கு இவ்விரு வாய்பாடுகளுக்கும் இடையே பிறந்தது. பக்தி நூல்கள் பலவும் ‘மன்றாட்டையே’ என்று எளிதில் விடை கூறிவிடுகின்றன. அவ்விடை பிழையன்று, ஆனால் அத்துணை எளிதும் அன்று.

தோட்டத்தில் நிகழ்ந்தது

இவ்வழக்கின் முதன்மைச் சான்று அகுஸ்தீனார் (354–430). வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே என்னும் ஊரில் பிறந்து, ஹிப்போ நகரின் ஆயராக மறைந்த இவர், ஏறத்தாழ 397க்கும் 400க்கும் இடையே தம் ‘அறிக்கைகள்’ என்னும் நூலை எழுதினார். அதன் எட்டாம் பகுதி, மிலான் நகரில் ஒரு தோட்டத்தில் 386ஆம் ஆண்டு அவர் பட்ட பாட்டை விவரிக்கிறது. மனம் கைக்குக் கட்டளையிட்டால் கை உடனே அசைகிறது. மனம் மனத்திற்கே கட்டளையிட்டால் அது கீழ்ப்படிவதில்லை என்று அவர் கண்டார். காரணத்தையும் அவரே ஆராய்கிறார். கட்டளையிடும் மனம் முழுமையாக விரும்பவில்லை. முழுமையாக விரும்பியிருந்தால் கட்டளைக்கே தேவையிருந்திராது. எனவே மனவுறுதி குறைவு என்பது ஆற்றலின் குறை அன்று, பிளவின் குறை. பிளவுண்ட ஒன்றை அதன் ஒரு பாதியைக் கொண்டு ஒட்டவைக்க இயலாது.

மனவுறுதியைத் தசைவலிமை போல எண்ணிப் பயிற்சியால் வளர்க்கலாம் என்போர் இந்தப் பகுப்பாய்வுக்கு இன்றளவும் நேரான விடை கூறவில்லை எனலாம். விரும்பும் நன்மையைச் செய்யாமல் வெறுக்கும் தீமையைச் செய்வதாக உரோமையர் திருமுகத்தின் ஏழாம் அதிகாரத்தில் பவுல் முறையிடுவதும் இந்நிலையையே. குடியை விட எண்ணிக் காலையில் சூளுரைத்து மாலையில் தோற்பவனிடம் ‘உனக்கு உறுதி போதவில்லை’ என்பது, காய்ச்சல் உள்ளவனிடம் ‘உனக்கு உடல்நலம் போதவில்லை’ என்பதைப் போன்றது. நோயின் பெயர் கூறப்பட்டதேயன்றி மருந்து கூறப்படவில்லை.

எனினும் அதே நூல் மற்றொன்றையும் மறைக்காமல் பதிவு செய்கிறது. இளமையில் தாம் கற்பொழுக்கத்தை வேண்டி மன்றாடியபோது, அது இப்போதே கிடைத்துவிடக் கூடாது என்னும் விருப்பமும் உடன் இருந்ததாக அகுஸ்தீனார் ஒப்புகிறார். மன்றாட்டை மனவுறுதிக்கு மாற்றாகக் கொள்வோர் இவ்விடத்தில் நின்று எண்ணுதல் வேண்டும். விருப்பத்தைப் பிளந்த அதே நோய் மன்றாட்டையும் பிளக்கும். பிளவுண்ட மனத்திலிருந்து எழும் வேண்டுதல் மட்டும் எப்படிப் பிளவுறாமல் இருக்கும்? மன்றாட்டு மனிதன் செய்யும் மற்றொரு செயல் என்று கொண்டால், உறுதியற்றவன் உறுதியோடு மன்றாடவும் இயலாதவனே. அப்போது ‘நீ போதிய அளவு முயலவில்லை’ என்னும் பழி ‘நீ போதிய அளவு செபிக்கவில்லை’ என்னும் பழியாக உருமாறும். தோற்றவனின் சுமை ஓர் அணுவும் குறையாது. இறைவனின் முன்னும் தோற்றவன் என்பது கூடுதலாகச் சேரும். அருளைப் பற்றிப் பேசும் சபைகளிலும் இது நிகழ்வதுதான் வருந்தத்தக்கது. இதனாலேயே பிற்கால அகுஸ்தீனார், வேண்ட வேண்டும் என்னும் எண்ணமும் அருளின் கொடையே என்னும் எல்லை வரை சென்றார். அவர்தம் கோட்பாடு கடுமையானது என்று பலர் கூறுவர். தோற்றவன் பக்கம் நின்று பார்த்தால் அதில் ஓர் இரக்கமும் உண்டு.

பெலாஜியுசின் அச்சம்

‘அறிக்கைகள்’ நூலின் பத்தாம் பகுதியில், கட்டளையிடுபவரே அக்கட்டளையை நிறைவேற்றும் ஆற்றலையும் தர வேண்டும் என்னும் கருத்துடைய மன்றாட்டு ஒன்று மீண்டும் மீண்டும் வருகிறது. உரோமை நகரில் ஆயர் ஒருவர் இதனை எடுத்துரைக்கக் கேட்ட பெலாஜியுஸ் பொறுக்க மாட்டாமல் எதிர்த்தார் என்று அகுஸ்தீனார் தம் இறுதிக் காலத்தில் நினைவு கூர்கிறார். பிரித்தானியத்தில் பிறந்து உரோமையில் வாழ்ந்த இத்துறவி, 410இல் அந்நகர் அலாரிக்கின் படையால் சூறையாடப்பட்ட காலத்தை ஒட்டி ஆப்பிரிக்காவிற்கும் பின்பு பாலத்தீனத்திற்கும் சென்றவர். 413ஆம் ஆண்டளவில் தெமேத்ரியாஸ் என்னும் உயர்குடி இளம்பெண் துறவு மேற்கொண்டபோது அவளுக்கு எழுதிய மடலில், அறவுரை கூறுமுன் மனித இயல்பின் ஆற்றலை எடுத்துக்காட்டுவதே தம் வழக்கம் என்கிறார். இயலாது என்று நம்புபவன் முயலமாட்டான் என்பது அவர்தம் உட்கிடை. 418இல் கார்த்தேஜ் சங்கம் அவர் கொள்கையைக் கண்டித்தது.

கண்டிக்கப்பட்டவர் என்பதால் அவர் அச்சம் பொருளற்றது ஆகிவிடாது. ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருக்குறளைக் கற்ற தமிழ் வாசகர்க்கு அவ்வச்சம் எளிதில் விளங்கும். மன்றாட்டு சோம்பலுக்குத் திருப்பெயர் ஆகிவிடும் என்பதே அது.

சிறிது காலத்தில் அவ்வச்சம் மெய்ப்பட்டது; அதுவும் அகுஸ்தீனாரின் எழுத்தைப் போற்றிப் படித்தவர்களிடையே. இன்றைய துனீசியாவின் சூஸ் நகரமாகிய ஹத்ருமேத்தும் என்னுமிடத்தில் இருந்த மடத்துத் துறவியர் சிலர், 426, 427ஆம் ஆண்டுகளில் அருள் பற்றிய அவர்தம் மடல் ஒன்றைக் கற்றுக் கலக்கமுற்றனர். நல்வினை யாவும் அருளால் விளைவதாயின், தவறு செய்தவனை மடத்தலைவர் கடிந்துகொள்வது எதற்கு? செய்ய வேண்டியதைச் சொல்லட்டும்; செய்யும் அருள் கிடைக்குமாறு எங்களுக்காக வேண்டிக்கொள்ளட்டும்; கடிந்துகொள்ள வேண்டா. வினாவின் சாரம் இதுவே. இறையியல் நூல்களில் ஓர் அடிக்குறிப்பாகக் கடந்து செல்லப்படும் இந்நிகழ்ச்சி, உண்மையில் இவ்வழக்கின் உயிர்நிலை எனலாம். முன்விதி, தொடக்கப் பாவம் முதலிய பெரிய கோட்பாடுகளை விட்டு, ஒரே கூரையின் கீழ் வாழ்வோரிடையே எழும் கேள்வியாக அது இறங்கி வந்துவிட்டது. ஒருவன் தவறு செய்கிறான். ‘எனக்காகச் செபியுங்கள்’ என்கிறான். அவனை என்ன செய்வது?

அகுஸ்தீனார் இதற்கென்றே ‘கடிதலும் அருளும்’ என்னும் பொருளில் ஒரு நூல் எழுதினார். கடிந்துரைத்தல் அருளுக்கு எதிரானதன்று. அவ்வுரை தரும் வலியின் வழியாகவே அருள் செயற்படக்கூடும். கடிபவன் கடியவும் வேண்டும், மன்றாடவும் வேண்டும் என்பது அவர் விடை. தவறு செய்தவனுடைய தவறு அவனுடையதே. இவ்விடை தருக்கத்தால் முழு நிறைவு தருவதன்று. ஆயினும் மன்றாட்டு என்பது பொறுப்பிலிருந்து விடுதலை தரும் சீட்டு அன்று என்பதை ஐயமற நிறுவுகிறது.

தெற்குக் காலிய நாட்டின் மர்சேய் நகரில் மடங்கள் நிறுவிய யோவான் கசியான் வேறு வழி கண்டார். சில நேரம் நல்லெண்ணத்தின் தொடக்கம் மனிதனிடமிருந்தும் வரலாம். இறையருள் அதனை உடனே தாங்கிக்கொள்ளும் என்றார் அவர். விரும்பாமலே இழுக்கப்பட்டவர் பவுல். தாமே தேடி வந்தவர் சகேயு. இரு வகையினரும் உளர் என்பது அவர் காட்டும் சான்று. 529இல் ஒராஞ்சு நகரில் கூடிய சங்கம் இதனை ஏற்கவில்லை. தொடக்கமும் அருளினதே என்று முடிவு செய்தது. ஆனால் கசியான் துறவியர்க்குக் கற்பித்த செபமுறை நிலைத்தது. திருப்பாடல் ஒன்றிலிருந்து உதவி வேண்டும் சிறு தொடர் ஒன்றை எடுத்து, உண்ணும்போதும் உறங்கச் செல்லும்போதும் இடைவிடாது சொல்லுதல் அது. இங்கே மன்றாட்டும் பயிற்சியும் பிரிக்க இயலாதவை. சொல்லிக்கொண்டே இருத்தல் முயற்சி. சொல்லப்படுவதோ தன் முயற்சி போதாது என்பது.

நெஞ்சிலிருந்த திறவுகோல்

தமிழிலக்கிய உலகில் இவ்வழக்கு அறிமுகமானதற்கு முன்பே அதன் உறவினம் இங்கு இருந்தது. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி, தாயால் கவ்விச் செல்லப்படும் பூனைக்குட்டி என்னும் உவமைகளால் வடகலை, தென்கலை வைணவர் சரணாகதியை வேறுபடுத்தியமை அறிஞர் அறிந்ததே. நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச்.ஏ. கிருட்டிண பிள்ளைக்கு (1827–1900) அருளின் முதன்மை என்பது அயலார் தந்த செய்தியாகத் தோன்றியிராது. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பொருந்தாது; அங்கே பேசப்படுவது பெரிதும் வீடுபேறு, இங்கே பேசப்படுவது அதனுடன் ஒழுக்க மாற்றமும்.

1894இல் வெளிவந்த அவருடைய இரட்சணிய யாத்திரிகத்திற்கு முதல்நூல் ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட கதை. அக்கதையில் ஐயக்கோட்டைச் சிறையில் அடைபட்ட பயணியர் இருவர் ஒரு சனிக்கிழமை நள்ளிரவில் மன்றாடத் தொடங்கி விடியும் வரை மன்றாடுகின்றனர். வானதூதர் வரவில்லை, கதவு தானே திறக்கவும் இல்லை. விடியலுக்குச் சற்று முன் அவர்களுள் ஒருவனுக்கு, வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் நெஞ்சிலேயே இருப்பது நினைவுக்கு வருகிறது. இத்தனை நாள் நாற்றச் சிறையில் கிடந்த தன் மடமையை நொந்துகொள்கிறான். பின்பு அவனே எழுந்து, அவனே பூட்டைத் திருகுகிறான். வெளிவாயிலின் பூட்டு மிகவும் கடினமாக இருந்தது என்று பன்யன் குறிக்கத் தவறவில்லை. அருளா முயற்சியா என்று பிரிக்கப் புகுவோர்க்கு இக்காட்சி இடந்தருவதில்லை. திறவுகோல் அவன் செய்ததன்று. நினைவும் அவன் வரவழைத்ததன்று. இரவு முழுதும் வேண்டியதன் பின் வந்தது. பூட்டைத் திருகிய கையோ அவனுடையது.

மூன்றாமவர்

அகுஸ்தீனாரும் பெலாஜியுசும் ஒரே குறையைப் பகிர்ந்துகொள்கின்றனர். இருவர் நோக்கிலும் மாற்றம் என்பது மாறுபவனுக்கும் இறைவனுக்கும் இடைப்பட்ட நிகழ்ச்சியாகவே பெரிதும் காட்சியளிக்கிறது. அவன் பழைய வாழ்வால் துன்புற்றவர் எங்கே? அடித்த கணவன் மன்றாடுகிறான். அடிபட்டவளுக்கு அம்மன்றாட்டினால் ஆவது யாது? கசியான் காட்டிய சகேயுவின் வரலாற்றில் இதற்கு விடை உண்டு. லூக்கா நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் அவர் மன்றாடியதாக ஒரு சொல்லும் இல்லை. உடைமையில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் அவர் கூறுகிறார். அழைப்பு அவர் ஈட்டியதன்று. கணக்குத் தீர்ப்பது அவர் வேலை.

குடிநோயாளர் தம்முள் ஒருவர்க்கொருவர் துணையாக 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் தொடங்கிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பு, கிறித்தவ மறுமலர்ச்சிக் குழு ஒன்றிலிருந்து கிளைத்தது. 1939இல் அச்சேறிய அதன் பன்னிரண்டு படிகளுள் முதலாவது, குடியின் முன் தம் உறுதி செல்லாது என்று ஒப்புதல். ஏழாவது, தம் குறைகளை நீக்குமாறு இறைவனைப் பணிந்து வேண்டுதல். மன்றாட்டோடு அது முடிந்துவிடவில்லை. எட்டாவது படியில் தம்மால் துன்புற்றோரின் பட்டியல் எழுதப்படுகிறது. ஒன்பதாவதில், மேலும் தீங்கு விளையாத இடங்களில், அவர்களை நேரில் கண்டு ஈடு செய்தல் வருகிறது. இறையியலார் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வழக்காடிய ஒன்றைக் குடியால் நொந்தவர் சிலர் வரிசைப்படுத்தி வைத்துவிட்டனர். முதற்படியில் பெலாஜியுஸ் தோற்கிறார், ஒன்பதாம் படியில் ஹத்ருமேத்துமின் துறவியர் தோற்கின்றனர்.

‘அறிக்கைகள்’ நூலின் ஆறாம் பகுதியில் ஒரு பெண் வருகிறாள். அகுஸ்தீனாரோடு பல்லாண்டு வாழ்ந்து, அதேயோதாத்துஸ் என்னும் மகனைப் பெற்றவள். அவருக்கு வேறொரு திருமணம் பேசப்பட்டபோது, மகனை அவரிடம் விட்டுவிட்டு ஆப்பிரிக்காவிற்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். இனி வேறொருவரை நாடுவதில்லை என்று இறைவன்முன் நேர்ந்துகொண்டு சென்றாள். அந்த நேர்ச்சையை மன்றாட்டு என்பதா, மனவுறுதி என்பதா? அவள் செய்ததைத் தம்மால் செய்ய இயலவில்லை என்றும், மணநாள் வரை காத்திருக்கப் பொறாமல் தாம் மற்றொருத்தியைச் சேர்ந்ததாகவும் அகுஸ்தீனார் எழுதுகிறார். தம் நெஞ்சில் ஏற்பட்ட புண்ணையும் குறிக்கிறார். 387ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவில் அம்புரோசியாரிடம் அவர் திருமுழுக்குப் பெற்றபோது மகன் உடனிருந்தான். தாயின் பெயர் அந்நூலின் பதின்மூன்று பகுதிகளுள் எங்கும் இல்லை.