போர்முனை மீண்ட பிதாவும் பிள்ளையின் நம்பிக்கையும்

பிதாவிடத்துப் பிள்ளை வைக்கும் நம்பிக்கை பிதாவுக்குப் பிறப்பால் வந்த உரிமையோ, அன்றி ஒழுக்கத்தால் ஈட்டப்படுவதோ? போர்முனை மீண்டாரது இல்லங்களில் இவ்வினா தவிர்க்கவொண்ணாததாகின்றது.

அமெரிக்கப் படை வியட்நாம் யுத்தத்தினின்று 1973-ஆம் ஆண்டு விலகிற்று. வீடு திரும்பிய வீரருட் பலர் உறக்கத்தில் அலறினர்; சிற்றொலிக்குந் துணுக்குற்றனர்; சிறு காரணத்தானும் வெகுண்டனர். அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் இத்துயரை ஒரு நோயென 1980-ஆம் ஆண்டிலே தன் நோய்வகை நூலிற் சேர்த்தது. இஃதறியாத பிள்ளையோ, தன் பிழையாலேயே தந்தை சினந்தாரெனக் கருதி ஒடுங்குகின்றது. அவ்வொடுக்கத்தைப் பணிவென்று கொள்வாருமுளர். அது பணிவன்று, அச்சமேயாம்.

நோயுற்றமை பிதாவின் குற்றமன்று. ஆயினும், அந்நோயாற் பிள்ளைக்கு விளைந்த துன்பத்தைத் துடைக்குங் கடன் அவருடையதே. "பழையதை மறந்துவிடு" என்று கட்டளையிடுதலால் அக்கடன் தீராது. வைத்தியரை நாடுதலும், சினந் தணிந்தபின் "தவறு என்னுடையது, உன்னுடையதன்று" என்று வாய்திறந்து கூறுதலும், நான்கு மணிக்கு வருவேனென்றால் நான்கு மணிக்கே வருதலும் வேண்டும். சிறு வாக்குகள் பல காக்கப்பட்ட பின்னரே நம்பிக்கை மீளும். அதுகாறும் பிள்ளை தயங்குதல் நன்றிகேடன்று.

2009-ஆம் ஆண்டில் யுத்தம் ஓய்ந்த நம் நாட்டிலும் இத்தகைய இல்லங்கள் உள. உபாத்தியாயர்களே, பிதாவை வணங்குகவென்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம், அவ்வணக்கத்துக்குரிய ஒழுக்கத்தைப் பிதாக்களிடத்தும் வேண்டுவோமாக. கதவோசைக்கு நடுங்கும் மாணாக்கனைக் காணின், கடிந்துரைக்குமுன் அவன் இல்லத்தை நினைவோமாக.